வகுத்தல் கணக்கில் நாற்பத்தொரு பூஜ்யம்

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை. மதிய மணி அடித்து, டிபன் பாக்ஸைத் திறந்து, புளியோதரையில் கை வைக்கிறேன்... "வசந்தா டீச்சர், பெரிய டீச்சர் உங்கள உடனே வரச் சொல்றாங்க" என்று ஆள் வந்து நிற்கிறது.

சாப்பிடும்போது கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும். சாப்பிடாதபோது கூப்பிட்டாலும் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது வேறு விஷயம். கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

தலைமையாசிரியை மேஜையில் ஒரு கட்டு. என் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுப் பெண்களின் அரையாண்டுக் கணக்கு விடைத்தாள்கள். இந்த வருஷம் பள்ளிக்குப் பள்ளி தாளை மாற்றித் திருத்த வேண்டும் என்று உத்தரவு. அதனால் எங்கள் தாள்கள் நகரத்திலேயே இன்னொரு பள்ளிக்குப் போய்த் திரும்பியிருந்தன.

"எடுத்துப் பாரு வசந்தா" என்றார்.

பார்த்தேன். முதல் தாளில் வகுத்தல் பகுதிக்கு முப்பதுக்குப் பூஜ்யம். இரண்டாவது தாளிலும் பூஜ்யம். மூன்றாவதிலும்... கட்டை விரலால் சீட்டுக்கட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டே போனேன். நாற்பத்தொரு பெண்கள். நாற்பத்தொரு பூஜ்யம்.

கட்டின் மேலே ஒரு துண்டுச் சீட்டு, சிவப்பு மையில்: 'எந்தத் தாளிலும் ஸ்டெப் இல்லை. விடை மட்டும் இருக்கிறது. எல்லாத் தாளும் ஒரே மாதிரி. கூட்டுக் காப்பி. விசாரிக்கவும்.'

"கல்வி ஆபீஸ்ல இருந்து வியாழக்கிழம விசாரணைக்கு வராங்களாம்" என்றார் பெரிய டீச்சர். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வசந்தா, உனக்குத் தெலுங்கு வருமா?"

வெளியூர் வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் பூகோளம். எங்கள் புதுச்சேரி ஒரே இடத்தில் இருக்கிற ஊர் இல்லை. காரைக்கால் தஞ்சாவூர்ப் பக்கம். மாஹே கேரளாவுக்குள். யானாம் ஆந்திராவில், கோதாவரிக் கரையில். நான்கும் ஒரே அரசாங்கம். மற்ற ஊர்களில் கவர்ன்மென்ட் வேலைக்காரர்களைப் பிடிக்காவிட்டால் பக்கத்து ஊருக்கு மாற்றுவார்கள். எங்களைப் பக்கத்து மொழிக்கே மாற்றிவிடுவார்கள். தமிழில் கணக்குச் சொல்லித்தரும் டீச்சருக்கு யானாமில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? மிரட்டுவதற்கு ஒரு ஊர் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குப் பொறுக்காதது யானாம் இல்லை. 'கூட்டுக் காப்பி' என்கிற அந்த இரண்டு வார்த்தைதான். என் பெண்கள் காப்பி அடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டால்... அதற்கு ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும்.

கோடை லீவில் எங்களுக்குப் பத்து நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. மின்விசிறி ஓடாத ஹாலில் மாவட்டத்து டீச்சர்களையெல்லாம் உட்கார வைத்து, ஒரு இளவயது விரிவுரையாளர், பிள்ளைகளே பாடம் நடத்திக்கொள்ளும் முறையைப் பற்றிப் பேசினார். "வகுப்பில் ஆசிரியர் பேசுவதைக் குறையுங்கள். பிள்ளைகள் பேசட்டும். அவர்களே படித்து, அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும்" என்றார். இதை மூன்று மணி நேரம் இடைவிடாமல் அவரே பேசினார் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தபால் ஆபீஸிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, "நல்ல முறதான். ஆனா நீ ஒரு பீரியடு பேசாம இருந்தா பசங்க பயந்து டாக்டரக் கூட்டியாந்துடுவாங்களே" என்றார்.

அவ்வளவுதான். வந்துவிட்டது வீம்பு. ஒரு வருஷம் இதைச் செய்துவிட்டுத்தான் மறுவேலை என்று தீர்மானித்தேன். கல்வி முன்னேற்றத்துக்கான பெரிய பெரிய காரியங்களெல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றனவோ என்னவோ.

முதல் நாள் வகுப்பில், "இனிமே பாடம் நடத்தப் போறது நீங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காரப் போறேன்" என்றேன். நாற்பத்தொரு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், என் வீட்டுக்காரர் சொன்ன டாக்டர் கண்முன் வந்து போனார்.

செல்வி என்கிற பெண்தான் முதலில் எழுந்தாள். மில் தொழிலாளி மகள். கூர்மையான பெண், ஆனால் கணக்கு என்றால் காத தூரம் ஓடுவாள். "அப்ப நீங்க சம்பளம் வாங்குவீங்களா டீச்சர்?" என்றாள்.

"வாங்குவேன். உக்காரு" என்றேன்.

விதிகளையும் அவர்களையே எழுதச் சொன்னேன். சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டினார்கள். பாடம் நடத்துகிறவள் பேசும்போது மற்றவர்கள் கையைத் தூக்கித்தான் கேட்க வேண்டும். இது டீச்சருக்கும் பொருந்தும். கேட்காமல் பேசினால் அன்றைக்குப் போர்டு துடைக்கிற வேலை அவர்களுக்கு. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்கள் வகுப்புப் போர்டை நான்தான் துடைத்தேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

உங்களுக்குச் சொல்வதற்கென்ன... சும்மா உட்கார்ந்திருப்பதைப்போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை. ஒரு பெண் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருப்பாள். எனக்குத் தொண்டைக்குள் வார்த்தை வந்து முட்டும். சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளாத குறை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தால், நான்காவது நிமிஷம் இன்னொரு பெண் கையைத் தூக்கி, "அது தப்பு போல இருக்கே" என்பாள். அப்புறம் ஒரு பெரிய வழக்கு நடக்கும். முடிவில் சரியான விடை வந்துவிடும். நான் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும், ஆனால் மறுநாளே மறந்தும் போயிருக்கும்.

கடைசி பெஞ்சில் இன்னொன்றும் தெரிந்தது. காலை பத்து மணிக்கு மேல் ஜன்னல் வெயில் போர்டில் விழுந்து, வலது பக்கம் பாதி எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. பதினான்கு வருஷமாக அந்தப் போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். "பின்னாடி பெஞ்சு, தூங்கறியா?" என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். வெட்கமாக இருந்தது. பெண்கள் மறுநாளே ஜன்னலுக்குப் பழுப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். "எப்பவும் தெரியாதே டீச்சர், உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிதா?" என்றாள் செல்வி.

அந்தச் செல்விதான் அறிவியலில் நீராவிப் பாடம் நடத்தினாள். "எங்கப்பா வேல செய்யற மில்லுல மேலருந்து தண்ணி பொகையாட்டம் வந்துகினே இருக்கும். காத்து காஞ்சி போச்சின்னா நூலு பட்டு பட்டுன்னு அறுந்துடும். அதான் காத்துல ஈரம் வேணும்" என்றாள். பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதியும் புரியாத சமாச்சாரம் மூன்று வாக்கியத்தில் எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும் சேர்த்துத்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்டோபர் வந்தது. வகுத்தல் பாடமும் வந்தது. கூடவே எனக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் டியூட்டியும் வந்தது. ஒரு வாரம் வீடு வீடாகப் போய், "உங்க வீட்ல பதினெட்டு வயசு ஆனவங்க யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வகுத்தலை நடத்த முன்வந்தவள் ஃபிலோமினா. நெல்லித்தோப்புப் பெண். அப்பா எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். அதிகம் பேசாத பெண். அவளாக எழுந்து "நான் நடத்தறேன்" என்றதே அதிசயம் என்று நான் நிம்மதியாகப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்தால்... போர்டில் கணக்கு ஏதோ மாதிரி இருந்தது. வகுக்கிற எண் இடது பக்கம்தானே இருக்க வேண்டும்? வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஈவு மேலே இருக்க வேண்டும். அது வகுக்கிற எண்ணுக்குக் கீழே கோடு போட்டு இருந்தது. பெருக்கி எழுதிக் கழிக்கும் வரிகளைக் காணோம். மீதி மட்டும் இருந்தது. கழித்தலை மனசுக்குள்ளேயே செய்கிறார்கள். நம் புத்தகம் ஆறு வரி எழுதச் சொல்கிற கணக்கு அங்கே மூன்று வரியில் முடிந்துவிட்டது.

கையைத் தூக்கினேன்.

"கேள்வி நேரம் முடிஞ்சிடுச்சி டீச்சர்" என்றாள் ஃபிலோமினா, மிகுந்த மரியாதையோடு.

விடைகளைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. வகுத்தல் என்றாலே வயிற்றுவலி வருகிற செல்விகூடச் சரசரவென்று போட்டுக்கொண்டிருந்தாள். நான் திண்டிவனம் பக்கத்துக்காரி. கல்யாணம் ஆகித்தான் இந்த ஊருக்கு வந்தேன். இதைப்போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இந்தப் பெண்ணே கண்டுபிடித்த குறுக்கு வழி என்று நினைத்தேன். எங்கே கற்றாய் என்று கேட்கத் தோன்றவில்லை. நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போய், "என் கிளாஸ்ல ஒரு கணித மேதை இருக்கா" என்று பெருமை அடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். கேட்டிருக்க வேண்டும்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

விஷயத்தைப் பெண்களிடம் சொன்னேன். நாற்பது தலைகளும் மெதுவாக ஃபிலோமினா பக்கம் திரும்பின. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவள் பெஞ்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை அவள் வரவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் நெல்லித்தோப்புக்குப் போனேன். சின்ன வீடு. வாசலிலேயே தையல் மெஷின். அம்மா லூர்துமேரி எழுந்து, தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியை அப்படியே கீழே போட்டார்.

"என்னாலதான் எல்லாம் டீச்சரம்மா" என்று அழுதார். "நான் படிச்சது பிரெஞ்சிக்காரன் இருக்கும்போது. மாசேருங்க ஸ்கூல்ல."

கன்னியாஸ்திரீகளை இங்கே பழைய ஆட்கள் மாசேர் என்றுதான் சொல்கிறார்கள்.

"அவங்க இப்டித்தான் வகுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. போன வருசம் இந்தப் பொண்ணு வகுத்தல் வரலன்னு அழுதுகினு இருந்திச்சா... எனக்குத் தெரிஞ்சத சொல்லிக் குடுத்தேன். கணக்குல ரெண்டு தினுசு இருக்கும்னு எனக்கு எப்டி டீச்சரம்மா தெரியும்? இப்ப எம்மவளால ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் சைபரு. நாளைக்கு நான் வந்து அந்த சாரு கால்ல உழுந்துடறேன். இவ இனிமே அந்த ஸ்கூலுக்கு வேணாம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேதையும் இல்லை, குறுக்கு வழியும் இல்லை. இந்த ஊரில் ஒரு தலைமுறையே வகுத்துக்கொண்டிருந்த முறை அது. நாங்கள்தான் — நானும், கடலூரிலிருந்து வந்த பெரிய டீச்சரும், தாளைத் திருத்திய அந்தப் புண்ணியவாளரும் — தெரியாமல் இருந்திருக்கிறோம்.

"நீங்க யார் கால்லயும் விழ வேணாம்" என்றேன். "நாளைக்கு நான் பேசறேன். அந்த ஆளு கேக்கற மாதிரி பேசறேன். பதினாலு வருஷ சர்வீஸு. காப்பின்னு எப்படி எழுதலாம்? யார கேட்டு எழுதினாங்க?" குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

உள்ளே கதவோரம் நின்றிருந்த ஃபிலோமினா கையைத் தூக்கினாள். சொந்த வீட்டில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு.

"என்னம்மா?"

"நாளைக்கு நீங்க பேசுவீங்களா டீச்சர்?"

"பேசாம?"

"நீங்க பேசினா சண்ட வந்துரும் டீச்சர்" என்றாள். கண் அழுது வீங்கியிருந்தது. ஆனாலும் குரல் தெளிவாக இருந்தது. "நாங்கதான எழுதனோம். நாங்களே சொல்லிக்கிறோம். நீங்க பேச மாட்டீங்கன்னா நான் வரேன்."

எனக்குச் சுருக்கென்றது. மறுத்திருப்பேன். ஆனால் நான் பேசினால் இவள் வர மாட்டாள். இவள் வராவிட்டால் இனி எந்தப் பெண் என் வகுப்பில் எழுந்து நின்று சொல்லிக்கொடுப்பாள்? "சரி" என்றேன். வெளியே வந்து சைக்கிள் ரிக்ஷாவில் ஏறியதும், என்ன காரியம் செய்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கே செல்வியும் ஃபிலோமினாவும் பெரிய டீச்சர் அறை வாசலில் நின்றார்கள். "எங்க பேப்பர ஒரு மணி நேரம் குடுங்க டீச்சர், பாத்துட்டுத் தரோம்" என்றார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கட்டைக் கொடுத்துவிட்டார். நாற்பத்தொரு தாளையும் வகுப்புத் தரையில் பரப்பிப் பெண்கள் என்னவோ குறித்துக்கொண்டார்கள். என்ன என்று எனக்குச் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். சஃபாரி சூட். சிரிப்புக்கு அன்றைக்கு லீவு போட்டிருந்தார். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெரிய டீச்சர் வாசல் பக்கம் நின்றார். வராந்தாவில் லூர்துமேரி, பிள்ளைகளின் செருப்புகளுக்கு நடுவில், கையைப் பிசைந்துகொண்டு.

"இந்தக் கணக்கைப் போடு" என்று ஒரு பெண்ணைக் கைகாட்டினார். ஃபிலோமினாவை இல்லை. செல்வியை.

எனக்கு உயிரே இல்லை.

8432-ஐ 34-ஆல் வகுக்க வேண்டும். செல்வி எழுதினாள். மூன்றே வரி. விடை 248.

"பெருக்கினது எங்கே? கழித்தது எங்கே? விடையை மட்டும் எங்கிருந்து கொண்டு வந்தாய்?"

"கொண்டாரல சார். மனசுல கழிச்சேன்" என்றாள் செல்வி. "எண்பத்தி நாலுல முப்பத்தி நாலு ரெண்டு தபா போவும். ரெண்டு நாலு எட்டு. நாலுல எட்டு போவாது, பதினாலுல எட்டு போனா ஆறு. கையில ஒண்ணு. ரெண்டு மூணு ஆறு, கையில இருக்கற ஒண்ண சேத்தா ஏழு. எட்டுல ஏழு போனா ஒண்ணு. மீதி பதினாறு."

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னாள். அவர் சாக்பீஸை வாங்கிப் பக்கத்தில் தானே போட்டுப் பார்த்தார். மீதி இருபத்தாறு வந்தது. போர்டை முறைத்தார். வகுப்பிலிருந்து ஒரு குரல்: "கையில இருந்த ஒண்ண விட்டுட்டீங்க சார்."

அவர் காதுமடல் சிவந்தது. நான் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இப்போதுதான் சொல்ல வேண்டும், 'பார்த்தீர்களா, அவர்கள் புரிந்துதான் போட்டிருக்கிறார்கள்' என்று... வார்த்தை நாக்கு நுனியில் நிற்கிறது. முன்பெஞ்சிலிருந்து ஃபிலோமினா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். விழுங்கிவிட்டேன்.

அவர் அழித்துவிட்டு மீண்டும் போட்டார். 248 வந்தது. "முறை இருக்கட்டும்" என்றார். "முறை ஒன்றாக இருந்தால் காப்பி இல்லை என்று ஆகிவிடுமா?"

ஃபிலோமினா எழுந்தாள். கையில் ஒரு நோட்டு. இருமிக்கொண்டாள்.

"பேப்பர்ல அஞ்சி வகுத்தல் கணக்கு சார். நாங்க எல்லாப் பேப்பரும் பாத்தோம். இருபத்தி ஆறு பேரு எதுனா ஒரு கணக்காவது தப்பா போட்டிருக்கோம். யாரு எந்த எடத்துல தப்பு பண்ணாங்கன்னு இதுல எழுதியிருக்கு. எல்லாம் வேற வேற எடம் சார். காப்பி அடிச்சிருந்தா தப்பும் ஒண்ணாத்தான இருக்கணும்?"

அதிகாரி நோட்டை வாங்கினார். ஒரு தாளை உருவினார், ஒப்பிட்டார். இன்னொன்றை உருவினார். ஐந்து, ஆறு, பத்து தாள் பார்த்திருப்பார். சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். தலை லேசாக ஆடியது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது பார்த்து வேதவல்லி என்கிற பெண் எழுந்தாள். கொஞ்சம் வெள்ளந்தி.

"சார், அதுல எழுதாதது ஒண்ணு இருக்குது" என்றாள். "நாலாவது கணக்குல நானும் கலாவும் ஒரே எடத்துல தப்பு பண்ணிருக்கோம். நான்தான் அவளப் பாத்து எழுதினேன். அது மட்டும் காப்பிதான் சார்."

போச்சு. யானாமுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். கலா முகத்தை மூடிக்கொண்டாள். பெரிய டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அதிகாரி வேதவல்லியைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பிறகு... சிரித்தார். லீவை ரத்து செய்துவிட்டு நன்றாகவே சிரித்தார்.

"எங்கே கத்துக்கிட்டீங்க இந்த முறையை?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

ஃபிலோமினா வராந்தாவைக் காட்டினாள். லூர்துமேரி உள்ளே வந்தார். காலில் விழத் தயாராக வந்தவரிடம் அவர் போர்டைக் காட்டி, "நான் போட்டது சரியாம்மா?" என்றார். லூர்துமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரி வரியாக, உதடு அசைய, பார்த்தார். பார்க்கப் பார்க்க முதுகு நிமிர்ந்தது. "சரியா இருக்கு சார். ஏழ மட்டும் கொஞ்சம் தெளிவா எழுதியிருக்கலாம்" என்றார்.

அதிகாரி துண்டுச் சீட்டின் மேல் கோடு போட்டு அடித்தார். விடையைப் பார்த்து மறுபடி திருத்த வேண்டும். வேதவல்லியின் அந்த ஒரு கணக்கு எப்படியும் தப்பு, அதனால் தனியாகத் தண்டனை இல்லை. முழு ஆண்டுத் தேர்வுக்குள் புத்தக முறையையும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லா ஊரிலும் லூர்துமேரிகள் திருத்த மாட்டார்கள். இதுதான் தீர்ப்பு. போகும்போது என்னிடம் வந்து, "நீங்க ஒண்ணுமே பேசலையே டீச்சர்?" என்றார்.

"நானே இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்றார் பெரிய டீச்சர்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் முழுக்கதையும் சொன்னேன். பகலெல்லாம் பேசாததையும் சேர்த்துப் பேசினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். நாம் வாயை மூடினால் பள்ளிக்கூடமே இடிந்து விழும் என்று ஏன்தான் நினைத்துக்கொள்கிறோமோ? அன்றைக்கு நான் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சர்வீஸைச் சொல்லியிருப்பேன். கௌரவத்தைச் சொல்லியிருப்பேன். தப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியே இருக்காது. தப்பு பண்ணியதை வைத்தே யோக்கியத்தை நிரூபிப்பதற்குப் பதினொரு வயது மூளை வேண்டும்.

நீங்களும் டீச்சராக இருந்தால் ஒரே ஒரு பீரியடு முயற்சி செய்து பாருங்கள். முந்தானையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் திருத்திய மார்க் வந்தது. வகுப்பில் முதல் மார்க் செல்விக்கு. தொண்ணூற்றொன்று. வகுத்தலில் முப்பதுக்கு முப்பது. ஃபிலோமினாவுக்கு அறுபத்திரண்டுதான். வடிவியலில் கோட்டை விட்டிருந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து, எல்லோருக்காகவும் எழுந்து நின்ற பெண். கடைசியில் மார்க் இன்னொருத்திக்குப் போய்விட்டதே. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, ஆறுதலாக நாலு வார்த்தை ஆரம்பித்தேன்.

அவள் முகமெல்லாம் பல்லாக நின்றாள். நான் என்ன பேசுகிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"செல்வி மார்க்கப் பாத்தீங்களா டீச்சர்?" என்றாள். "போன வருசம் அவ வகுத்தல்ல ஃபெயிலு. இப்ப முப்பதுக்கு முப்பது. நான் சொல்லிக் குடுத்த பொண்ணு டீச்சர் அது."

பதினான்கு வருஷமாக ஸ்டாஃப் ரூமில் நான் சொல்லிக்கொண்டு திரிகிற வசனம் இது.